பீரோவுக்குள் இருப்பதைச் சொன்னவன்

சாவிக்காரம்மா வெட்டிய சாவி ஒன்றுகூடச் சேரவில்லை என்று திரும்பி வந்தது கிடையாது. இதை அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள், தெருவே சொல்லும். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவள் வீட்டுக்காரரின் சாவிக்கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே அவளுக்குப் பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. கூட்டிக்கொண்டே கண்ணாலேயே தொழிலைக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தபோது, அவசரமாக வந்த லாரி டிரைவர் ஒருவருக்குத் தானே சாவி வெட்டிக் கொடுத்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு மெஷினைத் தொட்ட?" என்று அவர் வந்து குதித்த குதி இருக்கிறதே! மறுநாள் அதே டிரைவர் இன்னும் இரண்டு சாவிக்கு வந்து நின்றார். "அம்மா இல்லையா? அவங்க கையாலயே வெட்டட்டும்" என்றார். அப்போது நம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அதற்குப் பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. கடையும் மெஷினும் அவளுக்கு. வீடு வீடாகப் போய், சாவி தொலைந்த கதவையும் பீரோவையும் திறந்து கொடுப்பது அவருக்கு. அதில் அவரிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. பீரோவில் கை வைப்பதற்கு முன்னால், "உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்பார். திறந்த பிறகு, சொன்னதும் இருப்பதும் சரியாக இருக்கிறதா என்று தானே பார்த்துவிட்டுத்தான் விலகி நிற்பார். எத்தனை பெரிய மனிதர் வீடானாலும் இதில் தாட்சண்யம் பார்த்ததில்லை. இந்த ஒரு கேள்வியாலேயே, அடுத்தவர் பீரோவைத் தன்னுடையது என்று திறக்கச் சொன்ன இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஏமாந்தார். போனில் ஒரு செயலி, அதில் கிரிப்டோ காசு, தினமும் ஏறிக்கொண்டே போகும் எண். வீட்டில் மூச்சு விடாமல், பதினோரு வருஷச் சேமிப்பை நாலு தவணையாக அதில் கொட்டினார். ஒரு காலையில் செயலி திறக்கவில்லை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்தவருக்கு அதை மட்டும் திறக்க முடியவில்லை. எட்டு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவர் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து, அவள் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

விஷயம் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் கடைக்கு வந்தபோது, அவர் மேஜையிலிருந்து மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வித்துட்டேன். பதினோரு மணிக்கு ஆள் வந்து எடுத்துப்பாரு."

"வித்துட்டீங்களா? எதை? என் மெஷினையா?"

அவர் திரும்பவே இல்லை. ஸ்குரூவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். போட்டது, போனது, வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்காதது. பிறகு குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. பறிபோன பணத்தை மீட்டுக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து பேசினார்களாம். பணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களாம். முன்கட்டணமாக அறுபதாயிரம் கட்டினால் சாயங்காலமே முழுப் பணமும் கைக்கு வந்துவிடுமாம்.

"யானை வாய்ல போன கரும்பு திரும்பி வருமாங்க?"

"நான் என்ன சும்மா நம்பிட்டேன்னு நினைச்சியா? நம்ம கேள்வியைக் கேட்டேன். என் பணம் எவ்வளவு, நீயே சொல்லுன்னேன். ஆறு லட்சத்து நாப்பத்தி ரெண்டாயிரத்து எழுநூறுன்னு டக்குனு சொன்னான். எந்தெந்த தேதியில போட்டேன்னும் சொன்னான். உள்ள இருக்கறதை அப்படியே சொல்றான்னா சரியான ஆளுன்னுதானே அர்த்தம்?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பணம் போனது ஒரு பக்கம். எவனோ ஒருவனுக்குத் தெரிந்த தொகை தனக்குத் தெரியாதே என்பதுதான் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தில்தான் கேட்டாள்.

"இந்தத் தொகையை எனக்கு எப்பவாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"உங்க தம்பிக்கு?"

"யாருக்கும் சொல்லல. அந்தச் செயலிக்காரங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

சொல்லி முடித்ததும் ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றுவிட்டது. அவள் விடவில்லை. "பீரோவுக்குள்ள இருக்கறது சொந்தக்காரனுக்குத் தெரியும், சரி. ஏற்கனவே அதைத் திறந்து எடுத்தவனுக்கும் தெரியும் இல்ல? இவன் எடுத்தவனா இருக்கணும், இல்லேன்னா எடுத்தவன்கிட்ட பட்டியல் வாங்கினவனா இருக்கணும்."

அவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆனாலும் ஆசை அவ்வளவு லேசில் விடுமா? "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? அறுபதாயிரம்தானே, கட்டித்தான் பார்ப்போமே" என்று முனகினார்.

"மெஷின் போச்சுன்னா நாளைக்கு எதை வெச்சுப் பொழைக்கறது? போனைக் குடுங்க."

அவளே அந்த எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவன் பேச்சில் தேன் ஒழுகியது. உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா மேடம் என்றான். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

"எங்க பணம் உங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா மேடம், பத்திரமா இருக்கு."

"அப்ப உங்க கட்டணத்தை அதுலயே கழிச்சுக்கங்க. அறுபதாயிரம் வேணாம், ஒரு லட்சமாவே எடுத்துக்கங்க. மிச்சத்தை அனுப்பிடுங்க."

அவன் குரலில் தேன் சட்டென்று வற்றியது.

"சிஸ்டம் ஒத்துக்காது மேடம். கட்டணம் முதல்ல வந்தாகணும். வீட்ல சொல்ல வேணாம்னு சார்கிட்ட சொல்லியிருந்தோமே? இன்னிக்குக் கட்டலேன்னா மொத்தமும் அழிஞ்சிடும்."

"அழிஞ்சா அழியட்டும்" என்று போனை வைத்தாள். வீட்டுக்காரர் கழற்றிய ஸ்குரூக்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்க ஆரம்பித்தார்.

கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது, பழைய மெஷின் வாங்கி விற்பவர் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். மானஸ்தர் ஆயிற்றே! ஆனால் அவர் எழுந்து நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னார். "மெஷின் விக்கறதா இல்ல, தம்பி. நான் ஏமாந்துட்டேன். ரெண்டாவது தடவையும் ஏமாறப் போனேன். போன பணத்தை மீட்டுத் தர்றேன்னவன்கிட்ட, கட்டணத்தை அதுலயே கழிச்சுக்கோன்னு கேட்டா, சிஸ்டம் ஒத்துக்காதுன்னு சொல்றான்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் திறந்த பூட்டு எதுவும் அவளுக்கு இவ்வளவு பெருமையைக் கொடுத்ததில்லை.

வந்தவர் சண்டைக்கு வரவில்லை. கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் அதைத்தான் சொன்னான், அண்ணே. ரெண்டு தடவை கட்டிட்டேன். வரின்னு மூணாவதா ஒண்ணு கேக்கறான். இந்த மெஷின்ல கிடைக்கிற லாபத்தை வெச்சு இன்னிக்குக் கட்டலாம்னு இருந்தேன்."

அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க தம்பி. முதல்ல அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. அவன் அனுப்பினதை மட்டும் அழிச்சிடாதீங்க. புகாருக்கு வேணும்."

அன்றைக்குக் கடையைப் பாதி நேரத்திலேயே பூட்டிவிட்டு, மூன்று பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். புகார் எழுதித்தர அங்கே யாரும் கட்டணம் கேட்கவில்லை. போன பணம் வருமா என்று கேட்டதற்கு, எழுதுகிற போலீஸ்காரர் ஒளிக்காமல், "கஷ்டம்தான்" என்றார். வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் அடம்பிடிக்க ஆரம்பித்தார்.

"இது மோசடின்னு கண்டுபிடிச்சது யாருன்னு எழுதவே இல்லையே, சார்?"

"அப்படி ஒரு கட்டமே இதுல கிடையாதுங்க."

"அப்ப ஓரத்துல எழுதுங்க. என் வீட்டுக்காரின்னு எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அய்யோ, சும்மா இருங்களேன்" என்று அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எழுதுகிறவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஓரத்தில் எழுதினார்.