குழந்தைராஜின் அசுவ நூலகம்

புதுப் புத்தகம் வந்தால் குழந்தைராஜ் அதைப் படிப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார். கூரியர்காரர் கையெழுத்துக்காக வாசலில் நின்றுகொண்டே இருக்க, இவர் கத்தரிக்கோலால் உறையை வெட்டி, நடுப்பக்கத்தை விரித்து, மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுப்பார். "லாய வாசனை வருது பாத்தீங்களா?" என்பார். வருவது பழைய பசையும் பூஞ்சையும். கூரியர்காரர் பாவம், வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு பழுப்புத் தாளில் அட்டை, முதுகில் எண், உள்ளே பூச்சி வராமல் இருக்க ஒரு துண்டு வசம்பு. இப்படி அடுக்கியவை போன மாதத்தோடு முன்னூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் குதிரை.

குதிரையைத் தேய்ப்பது, லாடம் அடிப்பது, பல்லைப் பார்த்து வயது சொல்வது, ஏறுவது, இறங்குவது, விழுந்தால் எப்படி விழுவது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பனி கொட்டும் மாதங்களில் குதிரைக்குக் கம்பளி போர்த்துவது பற்றி மட்டும் ஒன்பது புத்தகம். பொறையாறில், ஐயா! வைகாசியில் நாமே துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில்.

டெலிபோன்ஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் திருச்சியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நடைபாதைக் கடையில் ஒரு புத்தகத்தின் அட்டையிலிருந்த குதிரை இவரையே பார்த்ததாம். அன்று பிடித்தது. சொந்தமாகக் குதிரை உண்டா என்றால் கிடையாது. ஒரு தடவையாவது ஏறியிருக்கிறாரா என்று கேட்டால் முகம் கண்டிப்பாகிவிடும். "அரைகுறையா ஏறக் கூடாது சார். எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டுத்தான்" என்பார். வயது அறுபத்தேழு. மாதம் மூன்று புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. இவர் எப்போது முடித்து எப்போது ஏறுவது என்று நாம் கேட்கக் கூடாது.

வீட்டில் காற்று வரும் ஒரே அறை புத்தகங்களுக்கு. அவர் மனைவி எல்சியின் தையல் மிஷின் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "இன்னும் குதிரை வரல. வந்துச்சுன்னா நான் தெருவுலதான் படுக்கணும்" என்பார் எல்சி. வாசல் கேட்டில் பலகை: 'குழந்தைராஜ் அசுவ நூலகம். நூல்களைத் தொட வேண்டாம்.' தொடக்கூடாதென்றால் அது என்ன நூலகமோ, அவருக்கே வெளிச்சம்.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. காணும் பொங்கலன்று ரேக்ளா பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறப்பான். இவர் ரோட்டோரம் நின்று, "லகானப் புடிக்கிற விதமே தப்பு" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய்விடுவார். அங்கே இர்ஃபானா ஒரு பெட்டைக் குதிரையை வைத்துக்கொண்டு, கோட்டை பார்க்க வருகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறாள். குதிரையின் பெயர் ரோஜா. ரோஜா ஓடினால்தான் அந்த வீட்டில் உலை. பத்தடி தள்ளி நின்றபடியே குழந்தைராஜ் சேணத்தின் வாரை எத்தனையாவது துளையில் மாட்ட வேண்டும் என்று விளக்குவார். இர்ஃபானாவும் "சார் படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவாள். ஒரு நாள் உற்சாகம் தலைக்கேறி வாக்கே கொடுத்துவிட்டார்: "ரோஜாவுக்கு ஒண்ணுன்னா நேரா நம்ம வீட்டுக்கு வாம்மா. நானிருக்கேன்."

வந்துவிட்டாள்!

புரட்டாசி, குறுவை அறுப்பு நேரம். கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டிய நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்த ரோஜா, விவசாயி வைரக்கண்ணுவின் நெல் குவியலில் வாயை வைத்து, கண்டமட்டும் தின்றிருக்கிறது. எட்டு மணிக்கு வயிறு உப்பி, வியர்த்து, முன்னங்காலால் தரையைப் பறித்தபடி குழந்தைராஜின் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. கயிற்றைப் பிடித்தபடி இர்ஃபானா. பின்னாலேயே வைரக்கண்ணு. "நெல்லு போனா போவுது சார், உசுரப் பாருங்க" என்றார். நல்ல மனுஷன்.

குழந்தைராஜுக்குப் பயம் பாதி, ஆனந்தம் பாதி. முப்பது வருஷமாகக் காத்திருந்த வேளையல்லவா? உள்ளே ஓடி இரண்டு கையிலும் புத்தகங்களை அள்ளி வந்து வராந்தாவில் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் விரலை ஓட்டினார். ஓட்ஸ் அதிகம் தின்றால் இருந்தது. பார்லி இருந்தது. மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, ஆப்பிள்கூட இருந்தது. நெல் இல்லை. அடுத்த புத்தகத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சுற்றிப் பத்து மைலுக்கு நெல்லைத் தவிர வேறெதுவும் விளையாத ஊரில் முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகம் சேர்த்த மனுஷருக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

"என்ன ரகம்?" என்றார்.

"சார்?"

"நெல்லு. ஏடிடி நாப்பத்தஞ்சா, கோ அம்பத்தொண்ணா? ஈரம் எவ்வளவு இருக்கும்?"

வைரக்கண்ணுவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் என்ன மூட்டையா கொண்டாந்திருக்கேன்? குதிரை சார் இது!" என்று சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் முகாமுக்காக எங்கோ கிராமத்தில் இருந்தார். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது.

ரோஜா முழங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது. இர்ஃபானா கயிற்றை இழுத்து நிறுத்தினாள். "சார், நடத்தவா, நிறுத்தவா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

குழந்தைராஜ் ஒரு புத்தகத்தைப் பார்த்தார். நடத்து என்றது. இன்னொன்றைப் பார்த்தார். வீணாக நடத்திக் களைப்பாக்காதே என்றது.

"ரெண்டு கருத்து இருக்கும்மா."

"சார், ரெண்டு பொட்டப்புள்ளைங்க படிக்குதுங்க. இது போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல சார்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இரும்மா, இரும்மா. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துட்டுச் சொல்லிடறேன்."

எரிச்சல் வருமா, வராதா? எல்சிக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகங்களைத் தாண்டி வெளியே போனார். "நீ அந்தப் பக்கம் புடிம்மா. படுக்க விட்டாத்தானே உருளும்? பைய நடத்துவோம்" என்று சொல்லி, ரோஜாவின் கழுத்தில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். வாழ்நாளில் குதிரையைப் பற்றி ஒரு பக்கம் படித்திராத பொம்பிளை. இருவருமாகத் தேவாலயம் வரைக்கும் நடத்திப் போனார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். வராந்தாவில் மூன்றாவது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்தில் இருந்த மனைவியின் கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. முப்பது வருஷம் உருகியவர் இவர், தொட்டது அவள்.

பத்தரைக்கு டாக்டர் வந்தார். நடத்தியது நல்லதாகப் போயிற்று என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கி, ஊசி போட்டு, சாணி போட்டால் பிழைத்தது, அதுவரைக்கும் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தெருவே அந்தச் சாணிக்காகக் காத்திருந்தது. மூன்று மணிக்கு ரோஜா வாலைத் தூக்கியது. அடேயப்பா, தேர் நிலைக்கு வந்ததுபோலத் தெருவில் ஒரு சத்தம்! வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இர்ஃபானா குதிரையின் மூஞ்சியைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எல்சி உள்ளே சோறு போடப் போயிருந்தார். டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்த குழந்தைராஜிடம் இர்ஃபானா கயிற்றை நீட்டினாள். "ஒரு நிமிஷம் புடிச்சிக்குங்க சார். மூஞ்சியக் கழுவிட்டு ஓடியாந்துடறேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். ரோஜாவுக்கு நிற்கவே தெம்பில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியிருந்தது. அவள் உள்ளே போக வழி விட்டு ஒதுங்கினார். கயிற்றைக் கேட்டின் மேல் போட்டுவிட்டு அவள் உள்ளே வந்ததும் கேட்டைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். அப்புறம் கம்பிக்கு நடுவே கையை விட்டு, கயிற்றின் கடைசி நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.