ஏழு பெட்டிக்கும் பொட்டு

தெப்ராவில் நான் வெல்டிங் செய்யும் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. செய்து முடித்த எந்தப் பொருளாக இருந்தாலும், முதல் தடவை பயன்படுத்துவதற்கு முன் அதில் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்துவிடுவோம். கேட், தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூண்டு என்று வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காக ஏழு பெரிய பெட்டிகள் செய்யும் வேலை வந்தது. உள்ளே இரும்புச் சட்டம், மேலே பலகை. பார்க்கூர் என்ற விளையாட்டு. ஓடி வந்து பெட்டிக்குப் பெட்டி தாவி, கடைசியில் சுவரேறிக் குதிக்க வேண்டும். சீக்கிரம் முடிக்கும் ஆறு பேருக்கு இறுதிச் சுற்று. என் மகளும் போட்டியில் இருந்தாள். வயது இருபத்திரண்டு. இரண்டு வருடமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டியன்று காலையில், அது நடக்கும் கார் நிறுத்துமிடத்தில் பெட்டிகளை இறக்கியதும், ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்தேன். மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் மகளின் நெற்றியில் வைத்தேன்.

முதலில் ஓடியது அவள்தான். பயிற்சியில் ஒருநாளும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அடுத்து ஓட வேண்டியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டார். கால் வைக்கும் இடத்தை யாரும் குறித்து வைக்கக் கூடாதாம். குறித்தால் போட்டியிலிருந்து நீக்கம். ஏழு பெட்டியிலும் குறி இருந்தது. அதே குறி ஒரே ஒருத்தியின் நெற்றியிலும் இருந்தது.

பட்டறை முதலாளி என் பக்கத்தில் நின்றார்.

"போய்ச் சொல்லுங்க லா அண்ணே. பிள்ளைய வெளிய அனுப்பிடுவாங்க."

"நீங்க சொல்லுங்களேன், முதலாளி."

"வெச்சது யாரு, நானா?"

கல்யாண விருந்தில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். நான்கு கேமராக்களைக் கடந்து நடந்தேன். மகள் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுபோன என் மலாயில், பொட்டு வைத்தது நான்தான், அது சாமிக்கு என்றேன். நடுவர் மலாய்க்காரர், பொறுமையானவர். தாவுவதற்கு வைத்த குறி இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

ஜெனரேட்டர் வைத்திருந்த மேடைக்கு அவரைக் கூட்டிப் போனேன். அதிலும் பொட்டு இருந்தது. பிறகு தற்காலிகக் கழிவறைக்கு ஏறும் இரும்புப் படியைக் காட்டினேன். அதுவும் எங்கள் வேலைதான். அவர் குனிந்து பார்த்தார். இங்கிருந்து யாரும் தாவ மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

பொட்டுகளை அழித்துவிட்டு, மகள் கடைசியாக மறுபடி ஓட வேண்டும் என்று முடிவானது. ஏழு பெட்டியையும் நான்தான் துடைத்தேன். அதையும் படம் பிடித்தார்கள்.

இந்தத் தடவை நான்காவது பெட்டியில் தடுமாறினாள். விழவில்லை. பட்டியலில் ஆறாவதாக வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் கேட்டேன்.

"நான் பெட்டியில பொட்டு வெச்சத நீ பாக்கலையா?"

"மொதல் தடவ ஓடும்போதுதான்பா பாத்தேன். அது மேல கால் படக்கூடாதுன்னு ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு சாண் தள்ளி வெச்சேன். தாவுறதுக்குச் சரியான இடமே அதான்."

"அப்ப அது குறிதானா?"

"குறிதான். பேசாம ஓட்டுங்கப்பா."

திரும்பிப் போய் நடுவரிடம் சொல்ல வேண்டுமா என்று அடுத்த சிவப்பு விளக்கு வரை யோசித்தேன். அந்த ஓட்டத்தைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லையே என்று பச்சை விழுந்ததும் காரை எடுத்தேன்.