ஊசி ஓட்டையும் குண்டு ஓட்டையும்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது. துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிற வேலை. பார்வை மங்கியதும் முதலாளி என்னைப் பழைய குடோனுக்கு மாற்றினார். அங்கே ஏர் கன் சுட்டுப் பழக அவர் ஓர் இடம் போட்டிருந்தார்.

"டார்கெட் அடிக்கோணும் ஆத்தா, வந்து பாத்துக்குங்க" என்றார்.

டார்கெட் என்றால் எங்களுக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று சூப்பர்வைசர் கத்துவதுதான். இந்த வயசிலுமா என்று பயந்துபோனேன். போய்ப் பார்த்தால் காகிதத்தில் ஒரு கருப்பு வட்டம். அதில் ஓட்டை போட ஏசி, தனி லைட்டு. காலமெல்லாம் ஓட்டை விழுந்தால் திட்டிய மனுசன், இங்கே விழவில்லை என்று திட்டினார்.

கீழே கிடக்கிற ஈயக்குண்டைக் கூட்டி அள்ளுவது, காகிதம் மாற்றுவது, இதுதான் என் வேலை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என் முட்டிக்கு அதற்கு மேல் ஆகாது.

குறி தப்பினால் லைட்டு கண்ணைக் கூசியிருக்கும், ஏசிக் காற்று முதுகில் அடித்திருக்கும், இல்லாவிட்டால் நான் விளக்குமாறை நகர்த்தியிருப்பேன். அவர் கைமேல் மட்டும் ஒரு குற்றமும் கிடையாது. கடைசியில் சேவூர்ப் பக்கம் தன் தோட்டத்தில் திறந்தவெளியில் இன்னோர் இடம் போட்டார். அங்கே வெயில், காற்று, மயில். மயில் கத்தினால் குண்டு தென்னை மரத்துக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். "ரெண்டு எடத்துலயும் பத்துப் பத்துச் சுடறேன். எதுல அதிகம் விழுகுதோ அது இருக்கட்டும். இன்னொன்னைய மூடிப்போடலாம்."

குடோனை மூடினால் என் பிழைப்பும் மூடியது. தினமும் சேவூருக்கு பஸ் ஏறி இறங்க என்னால் முடியாது.

குடோனில் நாலு விழுந்தது. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். காற்றுக்குக் காகிதம் கிழிகிறது என்று மேனேஜர், செக்கிங்கில் ஒதுக்கிய துணியில் வட்டம் பிரிண்ட் போட்டுக் கட்டியிருந்தார். முதலாளி பத்தும் சுட்டார். மேனேஜர் ஓடிப்போய் எண்ணினார்.

"ஏழுங்க! வெளிய வந்தா உங்க ரேஞ்சே வேறங்க!"

"ஆத்தா, அதக் கழட்டி மடிச்சு வைங்க. ஃபிரேம் போடோணும்" என்றார் முதலாளி.

கழற்றினேன். பழக்க தோசம், வெளிச்சத்தில் பிடித்தேன். அந்த வெயிலில் என் மங்கின கண்ணுக்கும் தெரிந்தது, மூன்று ஓட்டையைச் சுற்றி ஈயக் கருப்பு. மற்ற நாலில் அது இல்லை. நூல் விட்டு ஏணிபோல மேலே ஓடியிருந்தது.

முதலாளி முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்றும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏனுங்க, இதுல நாலு ஊசி ஓட்டைங்க. நிட்டிங் மெசின்லயே விழுந்ததுங்க. நீங்க போட்டது மூணுதானுங்க."

"அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது ஆத்தா, உடுங்க" என்றார் மேனேஜர். ஏற்றுமதிப் பெட்டி ஒட்டும்போதெல்லாம் எங்களிடம் அவர் சொல்லுகிற அதே வார்த்தை.

முதலாளி துணியை வாங்கி வானத்துக்குப் பிடித்துப் பார்த்தார். காது சிவந்தது.

"ஓட்டைத் துணியக் கொண்டாந்து கட்டுனது யாருங்க?"

மேனேஜர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

நாலுக்கு மூணு. தோட்டத்து இடத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் குடோனில் முதல் குண்டே சுவருக்குப் போயிற்று.

"ஆத்தா, வெளக்குமாத்த நகத்தாதீங்க!"

விளக்குமாறு மூலையில் சாத்தியிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க" என்றேன்.