டிரெய்லரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்

ஊவே எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் மாவு நிறுக்கிறவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒன்றரை வருடம் கூடவே நின்று வேலை பார்த்த பிறகு, ஒரு சனிக்கிழமை மதியம் சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்டார். ஜெர்மனியில் ஒருவர் வேலைக்கு வெளியே நம்மைக் கூப்பிடுவது லேசுப்பட்ட விஷயமில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற தோரணையில் போனேன். விளக்கு அணைந்தது. ஐஸ்கிரீம் விளம்பரத்தையும் கார் விளம்பரத்தையும் ஊவே சாவகாசமாகப் பார்த்தார். முதல் டிரெய்லர் தொடங்கியதும் கண்ணை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டு, தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பகீரென்றது. "கோப்ஃப்ஷ்மெர்ட்சன்?" என்று கேட்டேன். தலைவலியா என்று அர்த்தம். காதை அடைத்திருக்கிறவருக்கு என்ன கேட்கும்? நம் ஊர் ஆள் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். பையிலிருந்த தலைவலித் தைலத்தை எடுத்து அவர் நெற்றியில் தேய்த்துவிட்டேன். மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

படம் முடிந்து வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்தபடியே ஊவே விளக்கினார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. முப்பது வருடமாக அவர் டிரெய்லர் பார்ப்பதில்லையாம். ஏன் என்றால் 'ஷ்பானுங்' போய்விடும். அடுத்து என்ன நடக்குமோ என்று மனசு இழுபட்டுக் கிடப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. "அவர்கள் நல்லதை எல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். மிச்சத்துக்கு என்னிடம் காசு வாங்குகிறார்கள்" என்றார். பிறகு, நீ ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். டிரெய்லர் வெட்டும் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. கேமரா வேலை என்று பாதியைச் சொன்னேன். அவரோ நான் கேமரா ரிப்பேர் செய்கிறவன் என்று புரிந்துகொண்டு, திங்கட்கிழமை தன்னுடைய பழைய கேமராவைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சரி செய்யவும் தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் வெட்கம்.

வெட்கம் அந்தக் கேமராவுக்காக மட்டும் இல்லை. இதைப் படிக்கிற ஊர்க்காரர்களில் சிலருக்கு விஷயம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகவும், என்னைப்போல வெளியூரில் இருந்துகொண்டு ஊர்க் காரியத்தில் கை வைக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என் மனைவி ஷைனி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளோடு நான் வந்தேன். அதற்கு முன்னால் பதினொரு வருடம் தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தேன். எங்கள் பக்கத்தில் இப்போது மூன்று மணிநேர வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. நாலு நிமிட டிரெய்லர்தான் கல்யாணம். அதை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பெண் காரில் ஏறிப் போகும்போது அவள் அம்மை அழுவாள் அல்லவா, அந்த ஷாட்டை முதலில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு தாலி கட்டு. மேளமோ வயலினோ உச்சத்துக்குப் போகும். மாலை, சிரிப்பு, பந்தி எல்லாம் பின்னால் வந்தால் போதும். வீட்டுக்காரர்கள் வந்து கேட்கிற முதல் கேள்வியே, "அம்மை அழுதது நல்லா வந்திருக்கா?" என்பதுதான். சாப்பாட்டில் இலை போட்டதும், கடைசியில் வரவேண்டிய பிரதமன் பாயசத்தை ஊற்றுகிற வேலை இது. ஆனால் கல்யாணத்தில் அது குற்றமில்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த முடிவு. கெடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பதினொரு வருடம் இதைச் செய்த கைக்கு வேறு முறை மறந்துவிட்டது.

செல்வின் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது வாத்தியார். ஐந்து வருடமாகச் சனி ஞாயிறுகளில் ஒரு படம் எடுத்தான். நடித்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள். கதை அவன் அம்மையின் கதை. செல்வின் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அவன் அப்பா சவூதிக்குப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூட இன்றுவரை தெரியாது. அம்மை தங்கபாய் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை போட்டு அவனை வளர்த்தார். படத்திலும் ஒரு தையல்காரி. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கால் மெஷின் மிதியில் நின்றுவிடும். பஸ் கிளம்பியதும் மறுபடி ஓடும். ஒன்றரை மணிநேரமும் இதுதான். கடைசியில் ஒரு நாள் அவள் புருஷன் நிஜமாகவே இறங்குகிறார். கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்காருகிறார், பிறகு போவதில்லை. அவள் தைப்பதை நிறுத்துவதில்லை. நிஜத்தில் நடக்காத அந்த ஒன்றை மட்டும் செல்வின் அம்மைக்காகப் படத்தில் வைத்தான். அம்மையிடம் அதைச் சொல்லவில்லை. தியேட்டரில் தன் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாக அவர் அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஐந்து வருட ஆசை.

டிரெய்லரை நான் வெட்டுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரில் ஏதாவது ஒன்றில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஒரு அரிப்பு உண்டு. செல்வின் காட்சிகளை அனுப்பிவிட்டு ஃபோனில் சொன்னான்: "ஏலே, கடைசி பத்து நிமிசத்த மட்டும் தொடாண்டாம், கேட்டியா. அம்மை அத தியேட்டர்ல தான் பாக்கணும்." சரி மக்கா என்றேன். நேர்மையாகத்தான் சொன்னேன். முதலில் வெட்டியதில் கடைசிக் காட்சி இல்லை. மெஷின், மிதி, பஸ், அவள் முகம். ஷைனியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மீன் சந்தையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிற ஒரு சின்னக் காட்சி படத்தில் உண்டு. அதை மூன்று துண்டாக்கி, செண்டை மேளத்தைப் போட்டு, ஏதோ வெட்டுக்குத்துப் படம் மாதிரி ஆக்கினேன். அப்போதும் மனசு நிறையவில்லை. கடைசியில், புருஷன் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஷாட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, வயலினைப் போட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். முதுகுதான் தெரியும். முகம் தெரியாதே, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஷைனி பார்த்துவிட்டு அழுதாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செல்வின் அப்போது ஒலி வேலைக்காகச் சென்னையில் இருந்தான். யூடியூபில் ஏற்றுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. அவன் பார்க்கட்டும் என்று ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஏற்றி, எங்கள் தெருக் குழு, பள்ளித் தோழர் குழு, சர்ச் குழு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று விடாமல் அனுப்பினேன். வாழ்த்து குவிந்தது. மறுநாள் செல்வின் கூப்பிட்டான்.

"ஏலே, நீ அந்த பஸ் ஷாட்டயா வச்ச?"

"முகம் தெரியல்லியே மக்கா."

"அம்மைக்கு முகம் வேணுமாலே?"

அவ்வளவுதான் கேட்டான். புருஷனாக நடித்தவருக்கு அவன் தன் அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறான். தோளைச் சாய்த்து நடக்கிற நடையையும் ஒரு மாதம் பழக்கியிருக்கிறான். அம்மை சர்ச் குழுவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அனுப்பும்போது அது நினைவுக்கே வரவில்லை. வீடியோவை உடனே நீக்கினோம். அதற்குள் அது ஊர் சுற்றி வந்துவிட்டது.

படம் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாக வெளியானது. பார்க்கப் போன என் அண்ணன்தான் நடந்ததைச் சொன்னான். பாதி இருக்கையில் அடிதடி பார்க்க வந்த பையன்கள். சந்தைக் காட்சி பத்து நொடியில் முடிந்ததும் அவர்களுக்கு ஏமாற்றம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும், மெஷின் நிற்கும்போதும், ஒருவன் சத்தம் போட்டிருக்கிறான்: "அந்த ஆளு வந்துருவாருல்லா, டிரெய்லர்ல பாத்தாச்சுல்லா! எதுக்குவே இந்த இழுவ?" தியேட்டரே சிரித்திருக்கிறது. செல்வினும் அங்கேதான் இருந்தான். அவன் பக்கத்து இருக்கை காலி. அம்மை வரவில்லை. அடுத்த வாரம் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து நான் ஒரு டிரெய்லரும் வெட்டவில்லை. டிரெய்லர் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று முன்பு வாதாடியவன் நான்தான். இன்றைக்கும் அது பொய் என்று சொல்லமாட்டேன். டிரெய்லர் இல்லாமல் அந்தப் படத்துக்கு இருபது பேர் வந்திருப்பார்கள். ஆனால் அந்த இருபது பேரும் அவர் வருவாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் இருநூறு பேரைக் கூட்டிவந்து சிரிக்க வைத்தேன். இல்லாத சண்டையை இருக்கிறதாகக் காட்டியது ஒரு பொய். இருக்கிற முடிவை முன்கூட்டியே போட்டு உடைத்தது ஒரு துரோகம். பொய்யைக்கூடத் தொழில் என்று சொல்லித் தப்பிக்கலாம். துரோகத்தை அப்படிச் சொல்ல முடியாது. செல்வின் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் நன்றி என்று ஒரு சொல் வரும்.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவில் போனேன். ஷைனிக்கு லீவு கிடைக்கவில்லை. செல்வின் வீட்டுக்குப் போக நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள், அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவ்வளவுதான் என் தைரியம். அம்மை வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா மக்கா, எப்பம் வந்த?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது. பால் விடாத கட்டன்சாயா வந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நீ செஞ்ச டிரெய்லரு நல்லா இருந்தது மக்கா. அழிக்கச் சொன்னான் செல்வின். நான் அழிக்கல்ல. ஃபோன்ல இருக்கு. எத்தன மட்டம் பாத்தேன்னு எனக்கே தெரியாது."

உலகத்தில் அந்த டிரெய்லரைப் பாராட்ட ஒரே ஒருவர் மிச்சம் இருக்கிறார், அது இவர்தான் என்று நினைத்தபோது தலை தானாகக் குனிந்தது. "பின்ன ஏம்மா படத்துக்குப் போவல்ல?" என்று கேட்டேன்.

கீரைத் தண்டை ஒதுக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார். "அவரு எறங்கும்போ கையில ஒரே ஒரு பை தானே மக்கா இருந்தது. பெட்டி படுக்கன்னு கெட்டும் கெடையுமா எறங்குனா நிக்க வந்திருக்காருன்னு வைக்கலாம். ஒத்தப் பையோட வாற ஆளு நாலு நாளு நிப்பாரு, போயிருவாரு. அவரு போறத நான் ஒரு மட்டம் பாத்தவதானே. இன்னொருக்கா தியேட்டர்ல போய் என்னத்துக்குப் பாக்கணும்?"

அந்த ஷாட்டை நான் நூறு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். பையை நான் கவனித்ததே இல்லை. நடிக்க வந்தவர் கையில் கிடைத்த ஏதோ ஒரு பை அது. முடிவைப் போட்டு உடைத்ததாகத்தான் இதுநாள்வரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுகூட இல்லை. அவருக்கு மட்டும் நான் தப்பான முடிவைச் சொல்லி வைத்திருக்கிறேன். தன் மகன் தனக்காக எடுத்த படத்தில் புருஷன் மறுபடியும் விட்டுப் போகிறான் என்று நம்பிக்கொண்டு அந்த அம்மை இத்தனை மாதம் இருந்திருக்கிறார். செல்வினிடமும் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றேன். "படத்துல அவரு போவமாட்டாரு. நின்னுருவாரு. செல்வின் அப்பிடித்தான் எடுத்திருக்கான். அவன்கிட்ட கேளுங்க. போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. கோபம் இல்லை, கேலியும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"நீ எத்தன பையோட வந்த மக்கா?"

"ஒண்ணு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து உருவினார். அன்றைக்கே அவனிடம் கேட்பதாகச் சொன்னார். கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பையைத் திறந்தேன். இன்னும் ஏழு நாள்தானே என்று துணியை அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சட்டை, வேட்டி, துண்டு, சவரக் கத்தி வரைக்கும் எடுத்து பீரோவில் என் பழைய தட்டில் அடுக்கினேன். பையைக் கவிழ்த்து உதறினேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் பாஸ்போர்ட்டும் ஜெர்மனியின் குடியிருப்பு அட்டையும் இருந்தன. அவற்றையும் எடுத்துத் துணிகளின் மேல் வைத்து பீரோவைப் பூட்டினேன். கட்டிலில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்காது. எழுந்து போய் பீரோவைத் திறந்து, அந்த இரண்டையும் எடுத்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தேன்.