சிவப்புத் துணி கட்டிய கரை

பதுளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்தபோது, மகியங்கனைக்கு அப்பால் ஒரு குளத்தில் முதலை ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டார்கள். நான் படகு தள்ளப் போனேன். என் மனைவி சமைக்க வந்தாள்.

ஆராய்ச்சி செய்தவர் ஒரு தமிழ் மிஸ். ஒரு பெட்டை முதலையின் வாலில் சின்ன ரேடியோ கருவி பொருத்தியிருந்தார். அது எங்கே கிடந்தாலும் எங்கள் பெட்டியில் டிக் டிக் என்று கேட்கும். நான் ஏரியலைத் தூக்கிக்கொண்டு படகில் நிற்பேன்.

"பொண்டாட்டி எங்கன்னு ஒரு நாளாவது தேடியிருப்பீங்களா? முதலைய மட்டும் நல்லா தேடுங்க," என்பாள் மனைவி.

வெயில் காலத்தில் சத்தம் ஒரே இடத்தில் நின்றது. போய்ப் பார்த்தோம். கரை மேட்டில் முட்டையிட்டு, மண்ணால் மூடி, காவல் கிடந்தது முதலை.

"குஞ்சு வெளிய வர்றப்ப தாய் என்ன செய்யுதுன்னு பாக்கணும் அண்ணே. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்," என்றார் மிஸ். பிறகு சில நாள் தன் ஊருக்குப் போனார்.

அந்தப் பக்கம் பெண்கள் விறகு பொறுக்க வருவார்கள். முதலை அவர்களைக் கடித்துவிடுமோ என்று மனைவிக்குப் பயம். தோட்டத்தில் தேயிலைக்குள் குளவிக்கூடு இருந்தால் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். கொழுந்து எடுப்பவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அவள் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, முட்டைக் குழிக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாள். நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

அங்கே அந்தப் பழக்கம் இல்லை. துணியைக் கண்டு, என்ன இருக்கிறது என்று ஊர் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அதில் ஒருவனுடைய அண்ணனுக்கு முதலை கடித்துக் கால் போயிருந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தாயைத் தண்ணீருக்குள் விரட்டிவிட்டு, முட்டைகளை மண்வெட்டியால் கொத்திப் போட்டார்கள்.

மிஸ் திரும்பி வந்து முட்டை ஓடுகளைப் பொறுக்கினார்.

"தோட்டத்துல துணி கட்டினா யாரும் கிட்ட போமாட்டாங்களே மிஸ்," என்றாள் மனைவி.

"தெரியும் அக்கா. உங்க மேல தப்பில்ல."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டியில் சத்தம் அதே கரையிலிருந்துதான் வந்தது. தாய் திரும்பி வந்து வெறுங்குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

"இன்னும் அங்கதான் கெடக்குதா?" என்று சோறு போடும்போது கேட்பாள்.

"ஆமா."

போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே அவள் தோட்டத்துக்குத் திரும்பினாள்.

அதன் பிறகுதான் முதலை நகர்ந்தது. போனில் அவளிடம் சொன்னேன்.

"ம்," என்றாள்.

நான் போனை வைத்துவிட்டு, ஏரியலைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனேன்.