சாம்பிராணி படிந்த ஷீட்

கார்பன் நானோகுழாய் என்றால் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய். அதைத் தண்ணீரில் கலந்து மையாக்கி, சூடான பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் தெளித்துக் காயவைத்தால் மின்சாரம் ஓடும் கரும்படலம் கிடைக்கும். வளைத்தாலும் உடையாத ஹீட்டர் செய்யலாம். சொல்வதற்கு இவ்வளவுதான், செய்வதற்குள் உயிர் போய்விடும்.

ஜூஜுவாடியில் எங்கள் கம்பெனியின் பின்பக்க அறையில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். வாரநாளில் தெளிக்கும் சோதனைத் துண்டுகளில் மை அழகாக ஒட்டும். பெங்களூர் கஸ்டமர் வந்து பார்க்கச் சனிக்கிழமை தெளிக்கும் ஷீட்டில் மட்டும் திட்டுத்திட்டாக ஒதுங்கும், நடுநடுவே ஓட்டை. மையை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், தெளிப்பானைக் கழற்றிக் கழுவினேன். ச்சே! ஒன்றும் பலிக்கவில்லை.

"இந்தச் சனிக்கெழமையும் ஊத்திக்கிச்சுன்னா ரூமப் பூட்டிடறேன். நீ பேக்கிங்குக்குப் போயிடும்மா" என்றார் முதலாளி. படித்த படிப்புக்கு அட்டைப்பெட்டி ஒட்டவா?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி நெரிசலில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டது. மறுநாளைக்கான ஷீட்டுகளைத் துடைத்துப் பரப்பிவிட்டு வாசலில் காத்திருந்தேன். முதலாளி பூஜையை முடித்துச் சாம்பிராணித் தட்டோடு என் அறைக்குள் நுழைந்தார். ஒவ்வொரு ஷீட்டின் மேலும் நிதானமாகப் புகை காட்டினார்.

"சார்! என்ன பண்றீங்க?"

"திருஷ்டிம்மா. வாராவாரம் நீ போனப்புறம் காட்டறதுதான். இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா."

தலையில் அடித்துக்கொண்டேன். சாம்பிராணி பிசினாயிற்றே, அதன் புகை எண்ணெய்ப்பசையாகப் படிந்த இடத்தில் தண்ணீர் மை எப்படி ஒட்டும்? சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி பொகையில கெட்டுப்போச்சுன்றியா?"

புகை பட்ட ஷீட் ஒன்றையும் புதிதாகப் பிரித்த ஷீட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் கண்முன்னே தெளித்தேன். ஒன்றில் அதே திட்டு, அதே ஓட்டை. மற்றது ஒரே சீரான கருப்பு. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிய சொல்லிக்கினு இருக்காதே" என்றார்.

சனிக்கிழமை, புகை படாத ஷீட்டைக் கஸ்டமர் வளைத்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், சிரித்தார். ஆர்டரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், "இத்தன நாளு ஏன் சார் ஃபெயில் ஆச்சு?" என்று கேட்டார்.

முதலாளி என் பக்கம் கை காட்டினார். "இந்தப் பொண்ணுக்குக் கை பழகல சார். இப்பத்தான் பழகிச்சு."

வாயைத் திறந்தால் ஆர்டரும் போகும், அறையும் போகும்.

"இனிமே ஸ்வல்ப கவனமா பண்ணுங்க மேடம்" என்றார் கஸ்டமர்.

"சரி சார்" என்றேன்.