போட்டிக்காரிக்கு மொழிபெயர்த்தவள்

அரிசி ஆலைச் சங்கத்தின் தலைவி பதவி கஷிமானாவுக்கு வேண்டும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. நைஜீரியாவில், எங்கள் பெனுவே ஆற்றங்கரையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்து, ஆலை போட வைத்தவளே அவள்தான்.

அதற்கு முன் பல வருடம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். டாக்டர்கள் பேசியது ஆங்கிலம், நோயாளிகள் பேசியது எங்கள் டிவ் மொழி. நடுவில் கஷிமானா. கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் மருந்து மாறிவிடும். அதனால் சொன்னதைச் சொன்னபடி சொல்லிப் பழகியவள்.

எதிர்த்து நின்றவள் எர்டூ. பிறந்தது இதே ஊர்தான். தலைநகர் அபுஜாவில் பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்திருந்தாள். எங்கள் பெரிய மனிதர்கள் சொந்த ஊர் மேடையிலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று டிவ்வில் சொல்ல வேண்டும். தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தன்று அதற்கு வர வேண்டிய பாதிரியாரின் வண்டி வழியில் நின்றுவிட்டது.

"நீயே சொல்லேன் கஷிமானா," என்றாள் எர்டூ.

"என்னைத் திட்டப்போறீங்க. அதையும் நானே சொல்லணுமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த முவேசே கத்தினாள்: "மாத்திச் சொல்லிடுடி! எங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றபடி மேடை ஏறினாள் கஷிமானா.

எர்டூ ஆரம்பித்தாள். சங்கத்துக்குக் கடன் கேட்டு பேங்க் மேனேஜர் முன்னால் ஒரு ஆயாவா போய் உட்காருவது என்று கேட்டாள். கஷிமானா அதை முகம் சுளிக்காமல் டிவ்வில் சொன்னாள். ஆயா என்ற சொல்லையும் விடவில்லை. இயந்திரம் விற்பவர்களோடு எப்படிப் பேரம் பேசப்போகிறேன் என்று எர்டூ அடுத்துச் சொன்னது உண்மையிலேயே நல்ல யோசனை. கஷிமானா அதையும் குறைக்காமல் சொன்னாள். கைதட்டல் பலமாக எழுந்தது. ஆனால் எல்லோரும் கஷிமானாவைப் பார்த்தே தட்டினார்கள்.

நாலாவது தடவையும் அப்படியே தட்டியபோது எர்டூவுக்குப் பொறுக்கவில்லை. "அடியேய், பேசினது நான்! என்னைப் பார்த்துத் தட்டுங்கடி!" என்றாள், சுத்தமான டிவ்வில்.

"அம்மாடி, உனக்கு நம்ம பேச்சு இன்னும் மறக்கலையா!" என்று முவேசே தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

மிச்சத்தை எர்டூ டிவ்விலேயே பேசினாள். அபாரமாகப் பேசினாள். கீழே இறங்கி உட்கார்ந்த கஷிமானா, தோற்றுவிடுவோமோ என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தாள்.

அவள் முறை வந்தபோது சுருக்கமாகவே பேசினாள். "பேங்குக்கு இவங்க போகட்டும். இவங்க இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ், பக்கத்துல நின்னு கேட்டவ சொல்றேன். ஆனா இந்தக் கூட்டம் நம்ம மொழியிலதான் நடக்கணும். உங்க நெல்லைப் பத்தி உங்களுக்கே ஒருத்தர் மொழிபெயர்த்துச் சொல்ற நிலைமை இங்க வேண்டாம்."

எங்கள் வழக்கப்படி, வேண்டியவள் பின்னால் போய் வரிசையில் நிற்பதுதான் ஓட்டு. எர்டூ திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அது கொஞ்சம் நீளம்தான்.

"சரி, தலைவி. என் நாற்காலியை எங்க போடுவ?"

"எம்பக்கத்துல. இங்க டிவ்லதான் பேசணும்."

"பேங்க்ல?"

"அங்க நீங்க இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குங்க. கூட வர்றவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், சொன்னதைச் சொன்னபடி."